முகம் கரையும் வித்தை



கூட்டத்திற்குப் புறப்படும் வேளையில் இளந்தோழர் ஒருவர் வழிமறித்தார். கையிலே கணிப்பொறி, கண்ணிலே கனல்! "அண்ணே, நம்மை எதிர்த்து நிற்பவர் முகத்தைக் கரைத்து, ஊரே வெறுக்கும் இன்னொருவர் முகமாக்கியிருக்கிறேன். ஐந்து நொடிப் படம். வெளியிட உத்தரவு கொடுங்கள்" என்றார். கொடுக்கவில்லை. ஏன் என்பதை உங்களிடம் உரைத்திடவே இன்று வந்துள்ளேன்.

நாடகக்காரன் நான். அரசன் ஆண்டியாகிட வேண்டுமெனில், எங்கள் மேடையிலே திரை விழ வேண்டும். 1931-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டாக்டர் ஜெக்கில் அண்டு மிஸ்டர் ஹைட்' படத்திலோ, திரை விழாமலே நல்லவன் முகத்தில் கொடியவன் முளைத்தான்! மாயமன்று. முகத்திலே வண்ணப்பூச்சு, அதை மறைத்தும் காட்டியும் நின்றன வண்ணக் கண்ணாடிகள். கறுப்பு வெள்ளைப் படமாதலால் சூது தெரியவில்லை.

பின்னர் வந்தது கணிப்பொறி. 1988-இல் 'வில்லோ' படத்தில் ஆடு நெருப்புக்கோழியாகி, மயிலாகி, ஆமையாகி, புலியாகி, முடிவில் பெண்ணாயிற்று. 1991-இல் மைக்கேல் ஜாக்சனின் 'பிளாக் ஆர் ஒயிட்' பாடற்படத்தில், நிறமும் இனமும் வேறுபட்ட முகங்கள் ஒன்றிலிருந்து ஒன்று மலர்ந்தன. அதைக் கண்டு கைதட்டியவன் நான், இன்றும் தட்டுவேன்.

எப்படிச் செய்கிறார்கள்? ஒரு முகத்தின்மேல் மறுமுகத்தை வெறுமனே கரையவிட்டால், நான்கு கண்ணும் இரண்டு மூக்குமாய்ப் பேய்தான் தோன்றும். ஆகவே கண்ணுக்குக் கண், மூக்குக்கு மூக்கு, தாடைக்குத் தாடை என இரு படங்களிலும் இணைக்கோடுகள் இடுகிறார்கள். ரப்பர்த் தகட்டை இழுப்பதுபோல் படத்தை இழுத்து வளைக்கிறது பொறி. அது வார்ப்பிங். இரண்டையும் நடுவழியில் சந்திக்க வளைத்து, ஒன்றின் வண்ணத்தை மற்றொன்றில் வடியவிட்டால், அது மார்ஃபிங். அசையும் படமெனில் தலை திரும்பத் திரும்பக் கோடுகளும் திரும்ப வேண்டும்; சில இடங்களில் கலைஞர் இடுவார், இடைவெளியைப் பொறி நிரப்பும். 1992-இல் பையர், நீலி என்னும் இருவர் இந்தக் கோட்டு முறையைக் கட்டுரையாக்கினர். கல்லூரியைப் பாதியில் விட்ட எனக்கு அதிலுள்ள கணக்கு விளங்கவில்லை, கருத்து விளங்கிற்று!

1994. அமெரிக்காவிலே நாடாளுமன்றத் தேர்தல். அதிபர் கிளிண்டனின் செல்வாக்குச் சரிந்திருந்த நேரம். குடியரசுக் கட்சியின் தொலைக்காட்சி விளம்பரங்களிலே ஜனநாயகக் கட்சி வேட்பாளரின் முகம் தோன்றும், நெளியும், கிளிண்டனின் முகமாகும்!

"இவரும் அவரும் ஒன்று" என்று வாயால் சொல்லியிருந்தால், "சான்று எங்கே?" என்று கேட்டிருப்பீர்கள். எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று ஏட்டைப் புரட்டியிருப்பீர்கள். முகம் கரையும்போது எதைக் கேட்பது? மறுத்துரைக்க அங்கே ஒரு வாக்கியமும் இல்லையே! அத்தேர்தலில் குடியரசுக் கட்சி 54 இடங்களைக் கூடுதலாகப் பெற்று, 40 ஆண்டுகளுக்குப் பின் பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றிற்று. விளம்பரம் வென்றுகொடுத்த வெற்றி என்று நான் கூறவில்லை. காரணங்கள் பல. ஆனால் வாதம் செய்யாமலே வாக்குக் கேட்கும் வழியொன்று அன்று திறந்தது.

இளந்தோழரிடம், "படத்தை நடுவிலே நிறுத்து" என்றேன். நிறுத்தினார். திரையிலே ஒரு முகம். எதிரியும் அல்ல, மற்றவரும் அல்ல.

"இவர் யார் தம்பி?"

"யாருமில்லை அண்ணே."

"எதிர்த்து நிற்பவர் ஐந்தாண்டு நகரமன்றத்தில் இருந்தாரே, எந்தெந்தத் தீர்மானத்திற்குக் கை தூக்கினார், தெரியுமா?"

தெரியவில்லை. நாளை மாலைக்குள் பட்டியலோடு வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.