தூண் வரிசையும் புதிய ஓவியமும்

ஓவியக் கண்காட்சிக்குச் செல்லும் நம் இளைஞர் பலர், மனிதனோ மரமோ மாடோ இல்லாத ஒரு படத்தின் முன் நின்றவுடன், "இது என்ன?" என்று வினவுகின்றனர். விடை கிடைக்காமையால், "இதைச் சிறு பிள்ளையும் கிறுக்குமே" என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றனர். பொருள்களின் உருவத்தைக் காட்டாமல் கோடு, வடிவம், நிறம் இவற்றைக் கொண்டே அமையும் அத்தகைய படத்தை அரூப ஓவியம் என்பர். அதைக் காணும் கண் நமக்கு இல்லை என்பது உண்மையன்று. சேதுநாட்டில் வளர்பவர்க்கு அக்கண் இளமையிலேயே வாய்த்திருக்கிறது. அதைப் பயன்படுத்தத்தான் நாம் பழகவில்லை.

இராமேசுவரம் திருக்கோயிலின் மூன்றாம் பிராகாரத்தை நீங்கள் அறிவீர்கள். அதன் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர் காலத்தில் எழுந்தது. அங்கே உள்ள தூண்கள் 1212. வடக்கு, தெற்குப் பக்கங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 640 அடி நீளம் உடையவை. ஒரு கோடியில் நின்று மறு கோடியை நோக்குங்கள். அருகில் உள்ள தூண் பெரிதாகவும், அடுத்தது சற்றுச் சிறிதாகவும், தொலைவில் உள்ளது விரலளவாகவும் தோன்றுகின்றன. இடைவெளிகளும் அவ்வாறே குறுகுகின்றன. சிற்பி நட்டவை ஒத்த தூண்கள். விட்டவை ஒத்த இடைவெளிகள். ஆயினும் நம் கண் அவ்வரிசையைப் பற்றிக்கொண்டு விரைந்து ஓடுகிறது. நடக்கத் தொடங்கினாலோ, அருகில் உள்ள தூண்கள் விரைவாகவும் தொலைவில் உள்ளவை மெல்லவும் நகர்வதுபோல் தோன்றும். கல் அசையவில்லை, காட்சி அசைகிறது.

ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் வருவதை மீள்வரவு என்போம். அதனால் கண்ணுக்குள் எழும் ஓட்டத்தை இயக்கம் என்போம். மீள்வரவு எவ்வாறு இயக்கமாக மாறுகிறது? இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தாளில் மூன்று பட்டைகள் வரையுங்கள். முதற்பட்டையைச் சமமான கட்டங்களாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றுக்குக் கருமை தீட்டுங்கள். இரண்டாம் பட்டையில் கட்டங்களின் அகலத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே செல்லுங்கள். மூன்றாம் பட்டையில் மனம் போனவாறு அகலங்களை அமையுங்கள். முதற்பட்டை அமைதியாக நிற்கும். மூன்றாவது சிதறிக் கிடக்கும். இரண்டாவதோ ஓடும். ஏன்? ஒரு கட்டத்தைக் கண்டவுடன் அடுத்ததைக் கண் எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பு முற்றும் நிறைவேறினால் கண் ஓய்கிறது; முற்றும் பொய்த்தால் குழம்புகிறது. ஓர் ஒழுங்குடன் சிறிது சிறிதாக மாறும்போதுதான் அது தொடர்ந்து செல்கிறது. ஆகவே, இயக்கத்தின் தாய் ஒழுங்கான மாற்றமே.

இங்கிலாந்து நாட்டு ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1961ஆம் ஆண்டில் 'சதுரங்களில் இயக்கம்' என்னும் ஓவியத்தை வரைந்தார். கறுப்பும் வெள்ளையுமான கட்டங்களைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. கட்டங்களின் உயரம் மாறுவதில்லை. அகலம் மட்டும் படிப்படியாகக் குறைந்து, கீற்றளவாகி, மீண்டும் விரிகிறது. தட்டையான அப்பரப்பு உள்நோக்கி மடிந்து சுழல்வதுபோல் நமக்குத் தோன்றுகிறது. பிராகாரத்தில் தொலைவு செய்த வேலையை இங்கே ஓவியர் தம் அளவுக்கோலால் செய்திருக்கிறார். படத்தினுள் நாம் நடந்து செல்ல இயலாது. எனவே நடப்பவன் காணும் மாற்றத்தை அவரே பரப்பில் வைத்துவிட்டார். கட்டங்களின் அகலத்தை மனம்போல் மாற்றினால் அந்த மடிப்பு மறைந்துவிடும். இது கிறுக்கல் அன்று, கணக்கு.

நம் தமிழகத்திலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக விளங்கியவரும், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவருமான கே. சி. எஸ். பணிக்கர், 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையைப் படைத்தார். எழுத்துப்போல் தோன்றும் சிறு குறிகள் அவற்றில் நிரை நிரையாக வருகின்றன. சாதகக் கட்டங்களை நினைவூட்டும் வடிவங்களும் உள்ளன. அவற்றைச் சொல்லாகப் படிக்க இயலாது. ஆயினும் ஏட்டைப் படிக்கும் பழக்கத்தால் நம் கண் நிரை வழியே செல்கிறது. ஒரு வடிவம் குறுக்கிடும் இடத்தில் நின்று மீண்டும் புறப்படுகிறது.

இனி உங்கள் வீட்டுக்கே வாருங்கள். நம் மாவட்டத்தில் பனைமரத்துக்குக் குறைவில்லை. பனையோலையைக் கிழித்துப் பெட்டி முடையும் மூதாட்டியை நோக்குங்கள். ஓலை ஒன்றன்மேல் ஒன்றும் ஒன்றன்கீழ் ஒன்றுமாகச் செல்கிறது. சாயமிட்ட ஓலையை அவர் எண்ணி நுழைக்கிறார். ஒவ்வொரு வரியிலும் நிறம் ஓர் இழை தள்ளி விழுவதால், படிக்கட்டுப்போல் ஒரு கோலம் சாய்ந்து ஏறுகிறது. எண்ணிக்கை ஒன்று தவறினாலும் அக்கோலம் உடைந்துவிடும். ஏட்டுக் கல்வி பெறாதவராயினும், மீள்வரவும் ஒழுங்கான மாற்றமும் அவர் விரல்களில் இருக்கின்றன. நாமோ அப்பெட்டியைப் பழைய பொருள் என்று ஒதுக்குகிறோம். புதிய ஓவியத்தைப் பொருளற்றது என்று ஒதுக்குகிறோம். இரண்டும் ஒரே அறியாமையின் விளைவுகள். பாட்டியின் கையோடு அக்கணக்கு மறைந்துவிட்டால், அதை மீட்டுத் தரும் நூல் நம்மிடம் ஏது?

அரூப ஓவியம் யாவும் சிறந்தவை என்று நான் கூறவில்லை. மீள்வரவு மட்டுமே இருந்தால் சலிப்புத்தான் மிஞ்சும். ஆனால் தீர்ப்புக் கூறுமுன் பார்த்தல் வேண்டும். அடுத்த முறை அத்தகைய படத்தின் முன் நிற்கும்போது, "இது என்ன?" என்பதை விடுத்து மூன்று வினாக்களை எழுப்புங்கள். எது மீண்டும் வருகிறது? எங்கே மாறுகிறது? அம்மாற்றம் என் கண்ணை எங்கே அழைத்துச் செல்கிறது? இம்மூன்றுக்கும் விடை காண முயன்ற பின்னர், படம் பிடிக்கவில்லை என்றாலும் குற்றமில்லை. அப்பொழுது அது உங்கள் சொந்தக் கருத்தாக இருக்கும்.

இவ்விடுமுறையில் ஓர் ஓலைப் பெட்டியை எடுத்து, அதன் கோலத்தைக் கட்டத்தாளில் இழை இழையாக எண்ணி வரையுங்கள். ஐயம் எழுந்தால், முடைந்தவரிடமே கேளுங்கள். அவர்தாம் அப்பாடத்துக்கு ஆசிரியர்.