மனை நமதானால்தான் வீடு நமது

(விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சொந்த வீடு வாங்குவது பட்டணத்துச் சம்பளக்காரர்களின் கவலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. நம் தஞ்சை ஜில்லாவில் அது ஒவ்வொரு தெருவிலும் எழுந்து நிற்கும் பிரச்னை.

நம் பாட்டன்மார் பண்ணையாட்களாக இருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். குடிசை அவர்கள் கட்டியது; அதன் கீழிருந்த மண் மிராசுதாருடையது. கூலி கேட்டால், கொடி பிடித்தால், "என் மனையைக் காலி செய்" என்பதே பதில். 1943-ல் தஞ்சைக்கு வந்த தோழர் பி. சீனிவாசராவ் போன்றோர் சங்கம் கட்டினார்கள். 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தம் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் முடிவு கட்டியது. ஆனால் மனை என்ற சவுக்கு மிராசுதார் கையிலேயே இருந்தது.

1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் பெண்களும் குழந்தைகளும் உட்பட 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு, 1971-ல்தான், அவ்வாண்டு ஜூன் 19-ந் தேதி குடியிருந்தவர்களுக்கே அந்த மனையைச் சொந்தமாக்கும் சட்டம் பிறந்தது. நம் முதல் வீட்டு மனையை நாம் சந்தையில் வாங்கவில்லை, போராடிப் பெற்றோம்.

இன்றைய நிலைமை என்ன? அன்று கிடைத்த மனை வளரவில்லை, குடும்பம் வளர்ந்துவிட்டது. ஒரே கூரையின் கீழ் அண்ணன், தம்பி, மகன் என்று மூன்று அடுப்பு எரிகிறது. தனிக்குடித்தனம் போக நினைப்பவன் எங்கே போவான்? நேற்று நாற்று நட்ட வயலில் இன்று கல் ஊன்றி, வண்ணக் கொடி கட்டி, "நகர்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே போட்டிக்கு நிற்பவர் யார்? சென்னையில் சம்பாதிப்பவர், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புபவர், விலை ஏறட்டும் என்று வாங்கிப் போடுபவர். அவர்களோடு நடவுக்காரி ஏலம் கேட்க முடியுமா?

கணக்குப் பாருங்கள். ஒரு சென்ட் ஒரு லட்சம் ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று சென்ட் மூன்று லட்சம். வேலைக்குப் போகும் நாளெல்லாம் 50 ரூபாய் மிச்சம் பிடித்தால் 6,000 நாள் வேண்டும். ஆண்டில் 150 நாள் வேலை என்றால் 40 ஆண்டு! அதுவரை விலை ஏறாமல் காத்திருக்குமா? கடன் கேட்டுப் போனால் வங்கியோ சம்பளச் சீட்டைக் கேட்கிறது.

"சர்க்கார்தான் வீடு கட்டித் தருகிறதே" என்பீர்கள். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் உண்டு. நல்லதுதான். ஆனால் மனை உன் பெயரில் இருக்க வேண்டும். வாய்க்கால் கரையில் இருப்பவனுக்கும், கோயில் மனையில் இருப்பவனுக்கும் பட்டா எங்கே? மனை இல்லாத பரம ஏழை பட்டியலுக்கு வெளியே நிற்கிறான்.

ஆகவே, மனைதான் முதல் கோரிக்கை. இது கேட்கக் கூடாததல்ல. ஆதி திராவிட மக்களுக்கு மனை வழங்கத் தனியார் நிலத்தைக் கையகப்படுத்த 1978-லேயே சட்டம் செய்யப்பட்டிருக்கிறது. சட்டம் தானாக நடக்காது. நடத்த வைக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது மூன்று. தெருத் தெருவாகச் சென்று, மனையில்லாக் குடும்பங்களையும் ஒரே வீட்டில் நெருக்குண்டு கிடக்கும் குடும்பங்களையும் கணக்கெடுப்போம். தனித்தனியாக மனுக் கொடுத்துத் தாலுகா ஆபீஸ் படியில் காத்துக் கிடக்காமல், கிராம சபையில் ஒரே பட்டியலாக வைப்போம். பட்டாவில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டுமென்று வற்புறுத்துவோம். குடித்து மனையை விற்பவன் அப்போது யோசிப்பான்.

சங்கத்தின் நோட்டுப் புத்தகம் இதோ இருக்கிறது. கூட்டம் கலையுமுன் முதல் தெருவின் பெயர்களை எழுதிவிட்டுப் போவோம், தோழர்களே!