பெயின்சுவிக் கல்லறைச் சிற்பங்கள்



ஆங்கில இலக்கியம் பயின்ற நம்மவர்க்கு, இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்க் கோயிலின் சேமக்காலை என்றதும், தோமஸ் கிறே என்னும் புலவர் 1751 ஆம் ஆண்டில் வெளியிட்ட இரங்கற்பாவே நினைவுக்கு வரும். பேரும் புகழுமின்றி மறைந்த நாட்டுப்புற மக்களை எண்ணி அவர் இரங்கினார். அவர் வாழ்ந்த அதே நூற்றாண்டிலே, அந்நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில், கற்றச்சர்கள் தம் அயலாரின் பெயர்கள் மறைந்துபோகாதவாறு காக்கக் கல்லும் உளியும் கொண்டு முயன்றுகொண்டிருந்தனர். அம்முயற்சியின் வரலாற்றையும், அது எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதையும் இன்று சிறிது சிந்திப்போம்.

அவ்வூரின் பெயர் பெயின்சுவிக். குளொஸ்ரர்ஷயர் மாவட்டத்திலே, கொற்ஸ்வோல்ட் எனப்படும் குன்றுத் தொடரின் சரிவில் அது அமைந்துள்ளது. ஊரின் நடுவே புனித மரியாள் ஆலயம் கூர்முடி கொண்ட கோபுரத்துடன் நிமிர்ந்து நிற்கின்றது. ஆலயத்தைச் சூழ்ந்த சேமக்காலையில், குடை போலவும் தூண் போலவும் கத்தரித்து வளர்க்கப்பட்ட யூ மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவை தொண்ணூற்றொன்பது என்றும், நூறாவது மரத்தை எத்தனை முறை நட்டாலும் சாத்தான் அதனைப் பட்டுப்போகச் செய்வான் என்றும் ஊரார் கதை சொல்வர். ஆண்டுதோறும் செப்ரெம்பர் மாதத்தில் பங்கு மக்கள், சிறுவர் சிறுமியர் உட்பட, கைகோத்து ஆலயத்தைச் சுற்றி வளைத்து நின்று பாடுகின்றனர். இச்சடங்கிற்குக் 'கிளிப்பிங்' என்று பெயர். மரங்களைக் கத்தரிப்பதை இச்சொல் குறிப்பதாகப் பலர் கருதுவதுண்டு. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் 'தழுவுதல்' என்பதே பொருள்.

இத்தகைய சிற்றூருக்கு இத்துணைச் சிற்பச் செல்வம் எவ்வாறு வந்தது? கம்பளித் துணி வாணிகத்தால் வந்தது என்பதே விடை. நெய்த கம்பளியை நீரிலும் ஒருவகைக் களிமண்ணிலும் நனைத்து, மரச் சம்மட்டிகளால் இடித்து இறுகச் செய்தல் வேண்டும். அச்சம்மட்டிகளை இயக்க விரைந்தோடும் நீர் தேவை. பெயின்சுவிக்கின் பள்ளத்தாக்கிலே ஓடும் ஓடை அந்த நீரை வழங்கியது. அதன் கரையில் ஆலைகள் எழுந்தன. 17 ஆம், 18 ஆம் நூற்றாண்டுகளில் துணி வணிகர்கள் செல்வந்தராயினர். அவர்கள் பிரபுக்கள் அல்லர். ஆலயத்தின் உள்ளே சலவைக்கல்லில் உருவச் சிலை அமைத்துக்கொள்வது பெரும்பாலும் பிரபுக்களின் வழக்கம். ஆகவே இவர்கள் திறந்த வெளியில், வானத்தின் கீழே, தமக்கெனக் கல்லறைகளை எழுப்பினர்.

கல்லும் அருகிலேயே கிடைத்தது. கொற்ஸ்வோல்ட் குன்றுகளின் சுண்ணாம்புக்கல், மீன்சினை போன்ற நுண்மணிகள் இறுகியமைந்தது. நிலத்திலிருந்து வெட்டியெடுத்த புதிதில் மென்மையாக இருந்து உளிக்கு இணங்கும்; காற்றுப்பட்டபின் மேற்பரப்பு இறுகும். வெண்ணெய் நிறமான அக்கல்லிலே சிறகு முளைத்த குழந்தை முகங்களையும், சிப்பிகளையும், இலைச் சுருள்களையும், மண்டையோட்டையும் தச்சர்கள் செதுக்கினர்.

கல்லறைகளின் வடிவம் இருவகை. ஒன்று, நீண்ட பெட்டி வடிவம். அதன் இரு முனைகளும் யாழின் வளைவைப் போல நெளிந்து நிற்கும். மற்றது, உயர்ந்த பீட வடிவம். இதனை அவ்வூரார் 'தேயிலைப் பெட்டி' என்று அழைப்பர்; அக்காலத்துச் செல்வர் வீடுகளில் தேயிலையைப் பூட்டி வைத்த சிறு பேழையின் சாயல் அதற்கு உண்டு. அந்தத் தேயிலை சீன நாட்டிலிருந்து வந்தது என்பதையும், நம் நாட்டுத் தேயிலைப் பயிர்ச்செய்கை 1867 ஆம் ஆண்டிலேதான் தொடங்கிற்று என்பதையும் நேயர்கள் நினைவில் வைத்தல் நன்று. பெட்டி என்றதும் உடல் அதனுள்ளே இருப்பதாக எண்ணலாகாது. உடல் நிலத்தின் கீழே கிடக்கின்றது. மேலே நிற்பது கற்பலகைகளை இரும்புக் கொளுவிகளால் இணைத்த உட்கூடான அமைப்பேயாகும்.

இவற்றைச் செய்தவர்களுள் பிரயன் குடும்பத்தார் குறிப்பிடத்தக்கவர். அக்குடும்பத்துச் சிற்பியான ஜோன் பிரயன் 1787 ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய கல்லறையும் அச்சேமக்காலையிலேயே உள்ளது. அது அலங்காரமற்ற ஒரு கூம்பகம். பிறருக்குப் பூவும் சுருளும் செதுக்கும் தொழிலில் வாழ்ந்தவர், எகிப்து நாட்டுக் கூம்பகத்தின் வடிவிலே, வெறும் கற்களின் கீழ் உறங்குகின்றார். மற்றைய கல்லறைகளின் செழிப்பைக் கண்டு வருவோர் இதன் முன்னே சற்று நின்றே செல்வர்.

இனி, பெயர்களைக் காக்கும் முயற்சி எந்த அளவுக்கு நிறைவேறியது என்று பார்ப்போம். உளிக்கு இணங்கும் கல் மழைக்கும் இணங்கும். ஆழச் செதுக்கிய சிற்பம் தேய்ந்தாலும் உருவம் தெரியும். நுண்ணிய எழுத்தோ முதலிலேயே அழிந்துவிடும். இதனை அறிந்த முன்னோர் பலர், பெயர்களைப் பித்தளைத் தகட்டிற் பொறித்துக் கல்லிற் பதித்தனர். தகடு கழன்ற இடத்திலே பெயரும் போயிற்று. ஆலைகளில் உழைத்த நெசவாளரும் கூலியாட்களும் பெரும்பாலும் கல் நாட்டும் வசதியற்றவர். அவர்களுக்குப் புல்லே போர்வையாயிற்று.

அழிவை விரைவுபடுத்தியவற்றுள் மனிதரின் நல்லெண்ணமும் ஒன்று. உள்ளேயுள்ள இரும்புக் கொளுவி துருவேறிப் பருக்கும்போது கல் பிளக்கின்றது. பிளவைச் சீமெந்தால் அடைத்தால், சீமெந்து கல்லினும் கடினமாகையால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லினுள்ளே தங்குகின்றது. சில ஆண்டுகளில் கல்லின் முகமே உதிர்ந்துவிடுகின்றது. சுண்ணாம்புச் சாந்தும் துருவேறாத உலோகக் கொளுவியுமே பொருத்தமானவை. கல்லின் மேல் படரும் இலைக்கன்களைத் தேய்த்துக் கழுவுவோரும் உளர். பல ஆண்டுகளாக மெல்ல வளர்ந்த அவ்வுயிர்களோடு எழுத்தின் விளிம்பும் தேய்ந்துவிடும்.

நாட்டின் சட்டமும் துணை நிற்கின்றது. வரலாற்றுச் சிறப்புள்ள கல்லறைகள் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெறுகின்றன. அங்கிலிக்கன் சேமக்காலைகளில் கல்லை அகற்றவோ மாற்றவோ மேற்றிராசனத்தின் அனுமதி வேண்டும். புதிய அடக்கத்துக்கு மூடப்பட்ட சேமக்காலைகளின் பராமரிப்பை உள்ளூராட்சி மன்றத்திடம் ஒப்படைக்க 1972 ஆம் ஆண்டின் சட்டம் இடமளிக்கின்றது. எனினும் சட்டத்தால் மழையைத் தடுத்தல் இயலாது.

ஆயினும் பெயரைக் காக்க வேறொரு வழி உண்டு. 18 ஆம் நூற்றாண்டிலே, குலச் சின்னங்களையும் மரபு வழிகளையும் பதியும் அரச அலுவலரான ரால்ப் பிக்லண்ட் என்பவர், குளொஸ்ரர்ஷயரின் பங்குகள்தோறும் கல்வெட்டு வாசகங்களைத் திரட்டினார். 1784 ஆம் ஆண்டில் அவர் காலமான பின்னர், அவருடைய மகன் அத்தொகுப்பை அச்சிடத் தொடங்கினார். இன்று கல்லிலே வாசிக்க இயலாத பெயர்களை அந்தத் தாளிலே வாசிக்கலாம். உளி நூறாண்டு காத்ததை, எழுதுகோல் மேலும் இருநூறாண்டு காத்திருக்கின்றது.

இங்கிலாந்தின் குடும்ப வரலாற்றுச் சங்கத்தார் அப்பணியைத் தொடர்ந்து செய்துவருகின்றனர். அதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் வேளையில், மங்கிய எழுத்தின் பள்ளத்தில் நிழல் படியும். நண்பகலில் தெரியாத பெயர் அப்பொழுது தெரியும். அதனைப் பொறுமையுடன் வாசித்துப் பிழையறப் படியெடுத்தல் வேண்டும். கற்றச்சன் தொடங்கிய வேலையில், கற்றவர்களுக்கென எஞ்சியிருக்கும் பங்கு அதுவேயாகும்.