பொதுப் பணம் யார் பெயரில் இருக்கிறது?

(குன்னூரில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



மௌலவிக்கும் மெயின்டனன்ஸ் பணத்திற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஒரு மய்யித் வீட்டுக்கு அழைக்கப்படும் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

குன்னூரில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு கட்டடம். பெயர் வேண்டாம். எல்லாச் சமயத்தவரும் கலந்து வாழும் இடம். ஏழு வீடுகளின் சொந்தக்காரர்கள் கோவையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள். மே மாதம் வந்து பத்து நாள் தங்குவார்கள், தண்ணீர் வரவில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போவார்கள். செயலாளராக இருந்தவர் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பதினோரு வருடம் சம்பளமில்லாமல் அந்த வேலையைப் பார்த்தார். விடியற்காலையில் பனியில் இறங்கி மோட்டார் போடுவதும் அவர்தான். கோடையில் லாரித் தண்ணீருக்கு அலைவதும் அவர்தான். வசூலான பணத்தைத் தம் சொந்த சேமிப்புக் கணக்கில் போட்டார். செலவை ஒரு டைரியில் எழுதினார். அந்த டைரியை ஒருவர்கூடக் கேட்டதில்லை. "பாய் பார்த்துக்கொள்வார்" என்பதே அந்தக் கட்டடத்தின் நிர்வாகச் சட்டம்!

ஒரு நாள் மாரடைப்பில் அவர் மௌத்தாகிவிட்டார்.

அவருடைய மனைவி இத்தாவில் இருக்கிறார். வாசலில் மூன்று பேர் கணக்குக் கேட்டு நிற்கிறார்கள். பாஸ்புக்கில் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கிறது. அதில் கட்டடத்தின் பணம் எவ்வளவு, அவருடைய பென்ஷன் எவ்வளவு? டைரியில் கடைசி எட்டு மாதம் எழுதப்படவே இல்லை. சில துண்டுச் சீட்டுகள் மட்டும் இருந்தன. "பைப் 1,400" என்று ஒன்று. எந்தப் பைப், எப்போது?

வங்கியிடம் கேட்டால் என்ன சொல்லும்? கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பணம் அது, அவருக்குப் பின் வாரிசுகளுக்கு உரியது என்றுதான் சொல்லும். வங்கிக்குப் பன்னிரண்டு வீட்டைத் தெரியாது. மய்யித்தின் கடனை அடைத்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு என்பது நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் தெரியும். ஆனால் கடன் எவ்வளவு? அதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. பாகப்பிரிவினை கேட்டு என்னிடம் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். கடன் இன்னதென்று தெரியாமல் நான் திகைத்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

மூன்று இரவு உட்கார்ந்தோம். மின்வாரிய அட்டை, லாரிக்காரரின் நோட்டு, பிளம்பரின் ஞாபகம் ஆகியவற்றை வைத்து ஒரு தொகைக்கு வந்தோம். பிள்ளைகள் அதற்கு மேலும் போட்டுக் கொடுத்தார்கள். அவர் ஒரு பைசா எடுக்கவில்லை என்பது என் முடிவு. ஆனாலும் அவரைத் திருடர் என்று பேசுகிறவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். மறுத்துக் காட்ட ஒரு காகிதமும் இல்லை.

இதில் யார் மீது தவறு? அமானிதப் பணத்தைத் தம் பணத்தோடு கலந்தது அவர் தவறு. பதினோரு வருடம் கணக்குக் கேட்காதது மற்றவர்களின் தவறு. கேட்டால் மனம் வருந்துவார் என்று பயந்தார்களாம்! வெள்ளிக்கிழமை வசூலைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடுகிறோமே, இமாமைச் சந்தேகப்பட்டா எழுதுகிறோம்?

இன்னொரு விஷயம், இது பணத்தோடு நிற்பதில்லை. அந்தப் பெரியவர் ஒவ்வொரு வருடமும் பராமரிப்புத் தொகையைக் கூட்டலாம் என்று கேட்டிருக்கிறார். மறுத்துவிட்டார்கள். வீட்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், ஆக வருடத்திற்கு 1,44,000. வாட்ச்மேன், பொது விளக்கு, லாரித் தண்ணீர், கழிவுநீர்த் தொட்டி என்று அது அப்படியே கரைந்துவிடும். கட்டடத்தைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவருக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது.

நம் மலையில் கட்டடங்களுக்குப் பொதுவாக 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருக்கிறது. நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் அதன் கணக்கைப் பாருங்கள். சென்னையில் ஒரு சுற்றுச்சுவர் செலவை இருநூறு வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். இங்கே சரிவைத் தாங்கும் பெரிய சுவரைப் பன்னிரண்டு வீடுகள்தான் சுமக்க வேண்டும். சுவரைச் சரிசெய்ய ஆறு லட்சம் ஆகிறது என்று வையுங்கள். திடீரென்று கேட்டால் வீட்டுக்கு 50,000. யார் உடனே எடுத்துத் தருவார்? மாதம் ஐந்நூறு தனியே சேர்த்திருந்தால் எட்டு வருடம் நாலு மாதத்தில் அந்த ஆறு லட்சம் வங்கியில் இருந்திருக்கும். பதினோரு வருடம் வீணாகப் போயிற்றே!

மழையை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சுவரில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் அவ்வளவு தண்ணீரும் சுவருக்குப் பின்னால்தான் நிற்கும்.

அமெரிக்காவில் மியாமிக்கு அருகில் சர்ஃப்சைடு என்ற ஊர். 1981-இல் கட்டிய பன்னிரண்டு மாடிக் கட்டடம். கான்கிரீட் பழுதாகிறது என்று 2018-இல் பொறியாளர் எழுதிக் கொடுத்தார். செலவு அதிகம் என்று சொந்தக்காரர்கள் வருடக்கணக்கில் வாதாடினார்கள். பணக்காரர்கள்தாம்! 2021-இல் ஒன்றரைக் கோடி டாலர் வசூலிக்க முடிவு செய்தார்கள். அதே ஆண்டு ஜூன் 24 அன்று நள்ளிரவுக்குப் பின் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து 98 பேர் மாண்டார்கள். கட்டியதிலேயே குறை இருந்தது, தாமதம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையிருப்பில் பணம் இல்லாததால் வேலை தள்ளிப்போனது உண்மை. மறு ஆண்டே அந்த மாநிலம் இத்தகைய பழுதுக்கான நிதியைக் கட்டாயமாக்கியது.

நமக்கும் சட்டம் உண்டு. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சொந்தக்காரர்கள் சங்கம் அமைக்க வேண்டும் என்கிறது அது. 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம் என்றால், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் பதிவாளர் அதன் நிதி நிலையை விசாரிக்கலாம். பன்னிரண்டு வீட்டில் நாலு கையெழுத்து போதும். ஆனால் அங்கே போவதற்கு முன் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தேநீர் குடித்துக்கொண்டே கேளுங்கள். அவர் தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

அந்தக் கட்டடத்தில் இப்போது சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறது. பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ஒவ்வொரு மாதமும் வரவு செலவுத் தாளை மின்மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். முதல் மாதத் தாளை எழுதிக் கொடுத்தவர் அந்தப் பெரியவரின் மகள். வெளியூரில் இருக்கும் இரண்டு பேர் சுவருக்கான பங்கை இன்னும் அனுப்பவில்லை. சுவர் நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கிறது. அக்டோபர் மழைக்கு முன் வேலையைத் தொடங்க வேண்டும் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார்.