குளத்தங்கரை நத்தையும் குறட்டை விடும் மாடும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு எந்தப் பேராசிரியரின் நினைவாக அமைந்ததோ, அவரிடம் ஒட்டுண்ணியியல் படித்தவன் நான். முதல் வகுப்பில் அவர் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. எங்களைத் தொழுவத்துக்கு அழைத்துப் போய் ஒரு காளையின் அருகே நிற்க வைத்தார். "பார்ப்பது அப்புறம், முதலில் காதைக் கொடுங்கள்" என்றார். பட்டப்பகலில், கண் விழித்து நின்றபடியே அந்தக் காளை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

மூக்கில் கோழைபோல் வடிந்த சளியைத் துடைத்தெடுத்து, சிலைடில் தடவி, நுண்ணோக்கியில் வைத்துக் கொடுத்தார். வெகுநேரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு வட்டத்தின் ஓரத்தில் அது தெரிந்தது: நம் மறவர் நாட்டு வளரியைப் போல வளைந்த ஒரு முட்டை, அதன் ஒரு முனையில் சின்ன முள். அன்று பார்த்த அந்த வளைவு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இன்றைய பேச்சு அந்த முட்டையைப் பற்றியதுதான்.

அதை இடும் தட்டைப்புழுவின் பெயர் சிஸ்டோசோமா நேசேல். அதற்குப் பெயரிட்டு விவரித்தவர் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எம். அனந்தநாராயண ராவ். ஆண்டு 1933. நம் ஊர் மாட்டின் மூக்கிலிருந்து, நம் ஊர் ஆய்வுக்கூடத்தில் எடுத்த அறிவு இது. நம் பாடப்புத்தகங்கள் இதை ஒரே வரியில் கடந்துவிடுவதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

தட்டைப்புழு என்ற பெயருக்கு இந்தப் புழுவின் வடிவம் அவ்வளவாகப் பொருந்தாது. மெல்லிய நூல்போல இருக்கும். ஆண் புழுவின் உடல் நெடுக ஒரு மடிப்பு ஓடும். பெண் புழு அந்த மடிப்புக்குள்ளேயே குடியிருக்கும். மூக்கின் உட்சவ்வில் உள்ள இரத்த நாளங்கள்தான் இரண்டுக்கும் வீடு. மாடு படும் பாட்டுக்கெல்லாம் காரணம் புழு என்று நினைத்துவிடாதீர்கள். கேடு செய்வது பெரும்பாலும் முட்டைதான். வெளியே வரச் சவ்வைக் குத்திக்கொண்டு கிளம்பும் முட்டைகளில் பல வழியிலேயே சிக்கிக்கொள்கின்றன. அவற்றைச் சுற்றி உடல் அரண் கட்டுகிறது. அரண்மேல் அரணாக வளர்ந்து, காலிஃபிளவர் பூப்போலச் சதை திரண்டு மூக்கை அடைக்கிறது. அந்த அடைப்பில் மூச்சு உரசும் ஓசைதான் குறட்டை. ஏர் பூட்டினால் நாலு சால் ஓட்டுவதற்குள் காளை நின்றுவிடும். எருமைக்கும் இந்தப் புழு வரும்; ஆனால் அது இப்படி வெளிப்படையாகக் காட்டிக்கொள்வது குறைவு. அதனாலேயே எருமை ஓசையில்லாமல் நோயைப் பரப்பிக்கொண்டிருக்கும்.

முட்டை வெளியே வந்தபின் என்ன ஆகிறது? மாடு குட்டையில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கும்போது மூக்குச் சளி நீரில் கலக்கிறது. நீர் பட்டதும் முட்டை வெடித்து, மேலெல்லாம் மயிரிழைகள் கொண்ட ஓர் இளம்புழு நீந்திப் புறப்படுகிறது. அதற்குக் கிடைக்கும் அவகாசம் சில மணி நேரம். அதற்குள் ஒரு நத்தையைக் கண்டுபிடித்தாக வேண்டும். எந்த நத்தையும் ஆகாது. ஆட்டுக்கிடாயின் கொம்புபோலத் தட்டையாகச் சுருண்ட பழுப்பு நிற ஓடு, குட்டை ஓரத்துப் பாசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இண்டோபிளனார்பிஸ் என்பது அதன் பெயர். அதற்குள் புகுந்த ஒற்றை இளம்புழு, ஆண் பெண் சேர்க்கையே இல்லாமல் பெருகிப் பல நூறாகிறது. பிறகு வால் பிளவுபட்ட குட்டிப் புழுக்களாக நத்தையை விட்டு வெளியேறுகிறது. தண்ணீரில் இறங்கும் அடுத்த மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. அதே தண்ணீரில் நிற்கும் மனிதரின் காலிலும் இத்தகைய குட்டிகள் நுழையப் பார்க்கும். நம் உடலுக்குள் அவற்றால் வாழ முடியாது, தோலிலேயே மடிந்துவிடும். மிஞ்சுவது தடிப்பும் அரிப்பும்.

மனிதருக்குள்ளேயே வாழும் உறவுப் புழுக்கள் வேறு நாடுகளில் உண்டு. 1851இல் கெய்ரோவில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், பிணப் பரிசோதனையில் அவற்றில் ஒன்றைக் கண்டார். நைல் நதிக்கரை உழவர்கள் பல தலைமுறைகளாகச் சிறுநீரில் இரத்தம் கண்டதற்கு அதுவே காரணம். எகிப்து அரசு 1950களிலிருந்து ஊர் ஊராக ஆன்டிமனி மருந்தை ஊசி மூலம் போட்டது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஒரே ஊசியைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் பலருக்கும் போட்டதால் ஹெபடைட்டிஸ் சி கிருமி நாடு முழுவதும் பரவியது. மருந்து போட்டுக்கொண்ட உழவரும் மறுநாள் அதே வாய்க்காலில்தான் இறங்க வேண்டியிருந்தது.

ஜப்பானின் கோஃபு சமவெளி வேறு வழியில் போனது. 1913இல் மியாயிரி, சுசுகி என்ற இரு ஆய்வாளர்கள் அந்நாட்டுப் புழுவைச் சுமக்கும் நத்தையைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். அதன்பின் ஊர்மக்கள் வரப்போரம் குனிந்து, சாப்பிடும் குச்சிகளால் நத்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். பிற்பாடு வாய்க்கால்களுக்குச் சிமெண்டுக் கரை கட்டினார்கள். 1996இல் நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். மருந்தும் அங்கே துணை நின்றது. ஆனால் அவர்கள் அறுத்தது நோய்ச் சங்கிலியின் நத்தைக் கண்ணியை. நாமோ இன்றும் மாட்டுக்கு ஆன்டிமனி ஊசி போட்டு, குறட்டை குறைந்ததும் அதே குட்டைக்கு ஓட்டிவிடுகிறோம்.

இன்னொரு தட்டைப்புழுவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் அமர முடியாது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அந்த வலிப்புகளில் கணிசமானவை பன்றி நாடாப்புழுவின் வேலை. முன்பெல்லாம் ஸ்கேனில் மூளையில் ஒற்றைச் சிறு கட்டி தெரிந்தால் அதைக் காசநோய்க் கட்டி என்று கொண்டு, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுப்பார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் எம். ஜே. சாண்டி, வி. ராஜசேகர் ஆகியோர் அப்படிப்பட்ட கட்டிகளை எடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலானவை நாடாப்புழுவின் கூடுகள் என்று தெரிந்தது. பலருக்கு அவை தானாகவே மறையக்கூடியவை என்பதும் தெரிய வந்தது. எத்தனை பேர் தேவையற்ற மாத்திரைகளிலிருந்து தப்பியிருப்பார்கள்!

"நாங்கள் பன்றிக்கறி தொடுவதே இல்லையே, டாக்டர்" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வேகாத பன்றிக்கறி தின்றவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தில் வெளியேறும் முட்டைகள் கழுவாத கையோடும் கழுவாத கீரையோடும் யார் வாய்க்குப் போனாலும் அவர் மூளையில் கூடு கட்டக்கூடும். காய்கறி மட்டுமே உண்பவருக்கும் அது வரும். ஆகவே நோயாளிக்கு மாத்திரை எழுதும்போதே அவர் வீட்டில் யாருக்காவது குடலில் புழு உண்டா என்று பார்ப்பதும் மருத்துவம்தான். திறந்தவெளியில் மலம் கழிப்பதை நிறுத்துவதும், பன்றிகள் அங்கே மேயாமல் பார்த்துக்கொள்வதும் அப்படியே.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் அடுத்த ஆண்டே கிராமத்து மருந்தகங்களில் உட்காரப் போகிறீர்கள். ஒருநாள் காலையில் குறட்டை விடும் காளை ஒன்று வாசலில் வந்து நிற்கும். ஊசியை எடுக்கும் முன் அது எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று உடையவரிடம் கேளுங்கள். சாயங்காலம் அந்தக் குட்டைக்குப் போய்க் கரையோரப் பாசியைக் கையால் விலக்கிப் பாருங்கள். நத்தை இருந்தால் ஊராட்சித் தலைவரைப் பார்த்து, மாடுகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டித் தரச் சொல்லுங்கள். கட்டும்வரை விடாதீர்கள்.