சீம்பால் யாருக்கு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியருக்கும் பாலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம் திருவேங்கடம். கரிசல் காடு. மழை பொய்த்த வருஷம் வீட்டில் அடுப்பெரிந்தது மாட்டுப்பாலை நம்பித்தான். நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் பசு கன்று ஈன்றது. அன்றைக்கே சீம்பாலைக் கறந்து, கருப்பட்டி போட்டு அவித்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தோம். தூக்குச்சட்டியைச் சுமந்துகொண்டு போனவன் நான்தான். 'நெறையாக் குடிச்சா கன்னுக்குட்டிக்குக் கழியும்' என்று அம்மா அதைத் தள்ளிக் கட்டிவிட்டாள். அஞ்சாம் நாள் கழிச்சல் கண்டுதான் அது செத்தது.

ரொம்ப நாள் கழித்து ஒரு கால்நடை டாக்டர் விளக்கியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பங்கு கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடும். மாட்டுக்கு அந்த வழி அடைப்பு. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்கு வேண்டிய பாதுகாப்பு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. அதையும் கன்றின் குடல் அப்படியே ரத்தத்துக்குள் விடுவது முதல் சில மணி நேரம்தான். சுமார் 24 மணி நேரத்தில் வாசல் சாத்திவிடும். 25 கிலோ கன்று என்றால் முதல் நாளில் இரண்டரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். நாங்கள் வாசல் சாத்தும்வரை கட்டிப்போட்டிருந்தோம்!

இதன் வேர் இன்னும் பழசு. பால் தோன்றியது வயிற்றுக்காக அல்ல என்பது இன்றைக்குப் பல ஆய்வாளர்களின் கருத்து. நம் ஆதி மூதாதைகள் முட்டையிட்டவை. அந்த மெல்லிய தோல் முட்டை காய்ந்துபோகாமல் இருக்க, தாயின் தோல் சுரப்பிகள் ஈரம் கசியவிட்டன என்று 2002-இல் ஒலாவ் ஆஃப்டெடால் விரிவாக எழுதினார். ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் இன்றைக்கும் முட்டைதான் இடுகிறது. அதற்குக் காம்பே கிடையாது. வயிற்றுத் தோலில் கசியும் பாலைக் குட்டி நக்கிக் குடிக்கிறது. இன்னொன்று கேளுங்கள். நம் கண்ணீரிலும் எச்சிலிலும் கிருமியைக் கொல்லும் லைசோசைம் என்ற புரதம் இருக்கிறது. 1922-இல் அதற்குப் பெயர் வைத்தவர், பெனிசிலின் கண்ட அதே ஃபிளெமிங். அதன் மரபணு இரட்டித்து, உருமாறி வந்த வாரிசுதான் பால் சர்க்கரையைத் தயாரிக்க உதவும் புரதம். பழைய ஸ்பேர் பார்ட்டைக் கழற்றிப் புது மெஷினில் மாட்டுவது நம்ம ஒர்க்‌ஷாப் ஆட்களின் வேலை என்றல்லவா நினைத்திருந்தேன்!

மடியை டேங்க் என்று நினைப்பதும் தப்பு. பெரும்பகுதிப் பால் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளில் நிற்கிறது. கன்று முட்டி ஊட்டினால் மூளை ஆக்சிடோசினை ரத்தத்தில் விடும். அது போய்ச் சேர்ந்து பைகளைப் பிழிந்தால்தான் பால் இறங்கும். மாடு மிரண்டால் இறங்காது. செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து எங்கள் பசுவின் முன்னால் நிறுத்தினோம். அது நக்கி நக்கிப் பால் விட்டது. அந்தக் காட்சியைப் பற்றி இதற்கு மேல் இங்கே பேச என்னால் முடியாது.

எனக்கு மகள் பிறந்தபோது, மஞ்சளாக வந்த முதல் பாலைப் பீச்சிவிட்டுச் சேனைத் தண்ணீர் தொட்டு வைக்க வேண்டும் என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். எங்கள் வழக்கம் அது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. கன்றுக்குட்டி கதையைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. 'அப்பம் அந்தக் கன்னுக்குட்டிய நாமதான் கொன்னுட்டோமாய்யா?' என்று கேட்டாள். பிறகு சீனித் தண்ணீர் டம்ளரை அவளே எடுத்துக்கொண்டுபோய் வாசலில் கொட்டினாள்.

எங்கள் தொழுவில் இப்போது இரண்டு மாடு நிற்கிறது. கன்று குடித்து மிஞ்சினால்தான் வீட்டுக்குச் சீம்பால்.