நடுக்குவாதத்தைப் புரிந்துகொள்வோம்

(கிளமெண்டி வட்டார முதியோருக்கும் குடும்பத்தாருக்கும் ஆற்றிய உரை)

ஓய்வுபெற்ற தாதி என்ற முறையில், பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாத நோயைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகிறேன்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்நோயை விவரித்து எழுதினார். நம் உடல் அசைவுகள் சீராக நடைபெற மூளைக்கு டோபமின் என்ற பொருள் தேவை. அதைச் சுரக்கும் உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிவதால் இந்நோய் வருகிறது. இது தொற்றுநோயன்று, எவருடைய சாபமும் அன்று, செய்வினையும் அன்று. கை நடுக்கம் எல்லாருக்கும் வருவதில்லை. சிலருக்குக் கையெழுத்து சிறுத்துவிடும், குரல் தணிந்துவிடும், முகத்தில் சிரிப்பே தெரியாது. "அப்பாவுக்கு நம்மீது கோபம்" என்று வீட்டார் எண்ணிவிடுவதுண்டு.

இதனை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் லெவோடோபா மாத்திரை அசைவை எளிதாக்கும். இதே பொருளை 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தனர். நடுக்குவாதத்துக்கு அது மருந்தானது 1960-களில்தான். அதற்காக அவ்விதைப் பொடியை நாமாக வாங்கி மாத்திரையோடு உட்கொள்ளலாகாது. அளவு மீறினால் குமட்டலும் கட்டுக்கடங்காத அசைவுகளும் உண்டாகும்.

இங்கே ஒரு முக்கிய வேண்டுகோள். ஏகாதசி, சஷ்டி, தைப்பூசம் என்று விரதமிருக்கும்போது மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, கடுங்காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்து நேரலாம். விரதத்துக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். மற்ற நாள்களிலும் வேளை தவறக்கூடாது. பால், பருப்பு, சுண்டல் ஆகியவற்றிலுள்ள புரதம் சிலருக்கு மருந்தின் பலனைக் குறைப்பதால், உணவுக்கு எவ்வளவு நேரம் முன்பு மாத்திரை எடுப்பது என்றும் கேட்டறியுங்கள்.

கோயில் வாசற்படியிலோ நம் அடுக்குமாடி மின்தூக்கியின் முன்போ நோயாளியின் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுவதுண்டு. அது பிடிவாதமன்று. கையைப் பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார். தரையில் ஒரு கோட்டைக் காட்டி, "இதைத் தாண்டி வாங்க ஐயா" என்று சொல்லுங்கள். அல்லது ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பெரும்பாலும் கால் எழும்.

அன்னதானத்துக்கு வாரி வழங்கும் பெருமக்களே, வரிசையில் இவர்கள் அமர நாலு நாற்காலிகளுக்கும் வழி செய்யுங்கள். பின்னால் நிற்கும் அன்பர்களே, ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். அதுவும் தொண்டுதான்.